முதல் வேலை நேர்காணல்: அப்பளக் கணக்கு எழுதியதைச் சொல்லலாமா?

பொருநைக்கரை | ஞாயிறு இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 21, ஊர் கல்லிடைக்குறிச்சி. பாளையங்கோட்டையில் பி.காம். முடித்து நாலு மாதம் ஆகிறது. வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்திய தனியார் துறை முகாமில் பெயர் கொடுத்திருந்தேன். அதிலிருந்து இப்போது கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை காலை நேர்காணல். கணக்குப் பிரிவில் உதவியாளர் வேலை.

இதற்கு முன் ஒரே ஒரு நேர்காணலுக்குப் போயிருக்கிறேன், வண்ணார்பேட்டையில் ஒரு ஷோரூம் அலுவலகத்துக்கு. மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனேன். "முன் அனுபவம் உண்டா?" என்றார்கள். "இல்லை சார், ஃபிரஷர்" என்றேன். "சரிம்மா, சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

உண்மையில் நான் சும்மா இருந்தவள் இல்லை. என் சித்தி அப்பளம் போட்டு விற்கிறார். காலையில் பதினாலு பெண்கள் வந்து பிசைந்த மாவை நிறுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் தேய்த்துக் காயவைத்து, சாயங்காலம் எண்ணிக் கொடுப்பார்கள். பிளஸ் டூ முடித்ததிலிருந்து அந்தக் கணக்கு முழுக்க என் கையில்தான். யாருக்கு எத்தனை கிலோ மாவு போனது, எத்தனை அப்பளம் வந்தது, உடைசல் எவ்வளவு, சனிக்கிழமை கூலி எவ்வளவு என்று எல்லாம் நோட்டில் இருக்கும்.

இதை நேர்காணலில் சொல்லலாமா? அப்பா வேண்டாம் என்கிறார். "மூணு வருசம் பாளையங்கோட்டைக்குப் போய்ப் படிச்சுட்டு அங்க போய் அப்பளம்னு சொல்லுவியா" என்று வருத்தப்படுகிறார். எனக்கும் கூச்சமாக இருக்கிறது. ஆங்கிலமும் சரளமாக வராது. யாராவது வழி சொல்லுங்கள்.

தாழையூத்து63 | ஞாயிறு இரவு 10.05

தாயி, கட்டாயம் சொல். முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

நான் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 32 வருடம் இருந்தவன். கடைசிப் பத்துப் பதினைந்து வருடம் ஆள் எடுக்கும்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். பி.காம். முடித்து வரும் பிள்ளைகளிடம் டெபிட், கிரெடிட் கேட்டால் பாதிப் பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். "நூறு கிலோ போனது, தொண்ணூற்றாறு கிலோ வந்தது, மீதி நாலு எங்கே?" என்று கேட்டால் முழிப்பார்கள். தொழிற்சாலைக் கணக்கின் உயிரே அந்த நாலு கிலோவில்தான் இருக்கிறது. போனது, வந்தது, கழிவு, கூலி. நீ மூன்று வருடமாக எழுதுவது அதேதான்.

இதற்குத் தொழிற்சாலையில் ஜாப் வொர்க் கணக்கு என்று பெயர். மூலப்பொருளை வெளியாளிடம் கொடுத்து, வேலை முடிந்த சரக்காகத் திரும்ப வாங்குவது. ஜிஎஸ்டி சட்டத்தில் 143ஆம் பிரிவே இதற்காக இருக்கிறது. அப்படி அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும், இயந்திரம் போன்றவற்றுக்கு மூன்று வருடம் என்று அதில் சொல்லியிருக்கிறது. வியாழக்கிழமைக்குள் அதை ஒரு தடவை படித்துக்கொள். படித்ததும் உனக்கே தெரியும், சித்தி வீட்டுத் திண்ணையில் நடப்பது இதுதான் என்று.

இன்னொன்று. அந்த நோட்டைக் கையோடு கொண்டு போ. புதிதாக அட்டை போட்டு அழகு பார்க்க வேண்டாம், இருக்கிறபடியே கொண்டு போ.

பாலத்தடி | ஞாயிறு இரவு 11.30

நானும் திருநெல்வேலிதான், இப்போது சென்னையில் வேலை. அண்ணாச்சி சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். கணக்கு எழுதியதைச் சொல்லட்டும். ஆனால் பயோடேட்டாவில் "அப்பளம்" என்று போட்டால் முதலில் தாளைப் பார்க்கிற ஆள் அந்த ஒரு சொல்லைப் பார்த்தே ஒதுக்கிவிடலாம். "குடும்பத் தொழிலில் கணக்கு நிர்வாகம்" என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். நான் முப்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டு, இரண்டு இடத்திலிருந்துதான் கூப்பிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், தாளில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் முக்கியம்.

மற்றபடி பயோடேட்டா ஒரே பக்கம் இருக்கட்டும். அப்பா பெயர், சாதி, மதம், உயரம், எடை எதுவும் வேண்டாம். "கடின உழைப்பாளி, விரைவில் கற்பவர்" என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அதை யாரும் படிப்பதில்லை. டேலி கணக்கு மென்பொருள் தெரியுமா? எக்ஸெல் எவ்வளவு தெரியும்? கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தில் ஏதாவது படித்திருந்தால் அந்தச் சான்றிதழையும் எடுத்துக்கொள்ளுங்கள், தங்கச்சி.

தாழையூத்து63 | திங்கள் காலை 6.10

பாலத்தடி தம்பி, "குடும்பத் தொழில்" என்று படித்ததும் நான் என்ன நினைப்பேன் தெரியுமா? முதலாளி வீட்டுப் பெண், ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வீட்டுக் கடைக்கே போய்விடும் என்றுதான். அதோடு "நிர்வாகம்" என்று எழுதினால் என்ன நிர்வாகம் என்று நோண்டிக் கேட்பார்கள். இவள் செய்தது நிர்வாகம் இல்லை, கணக்கு. அது குறைந்த வேலையும் இல்லை.

கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்றால் இந்த ஜில்லாவில் தெரியாத ஆள் உண்டா? கங்கைகொண்டானில் கணக்குப் பார்க்கிறவரின் வீட்டுக் கல்யாணத்திலும் அதைத்தான் பொரித்திருப்பார்கள். ஊர்ப் பெயர் சொன்னதுமே அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அப்போது மறைத்துப் பேசினால் முகத்தில் தெரிந்துவிடும்.

தாயி, பயோடேட்டாவில் இப்படி எழுது: "அப்பளத் தயாரிப்பு, வீட்டுத் தொழில், கல்லிடைக்குறிச்சி. மூன்று ஆண்டு. 14 பேருக்கு மாவு வழங்கல், சரக்கு வரவு, கழிவு, வாரக் கூலிப் பதிவு." இவ்வளவு போதும். எண்கள் இருக்கிறதல்லவா, அவை பேசும்.

மேலப்பாளையம் அக்கா | திங்கள் மதியம் 1.45

நான் ஹெச்.ஆர். வேலையில் இருக்கிறேன். இடைவேளையில் எழுதுகிறேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்பளம் விஷயத்தில் நான் அண்ணாச்சி பக்கம். பி.காம். படித்தவர்களின் தாள்கள் என் மேசையில் நூறு கிடந்தால் தொண்ணூறு ஒரே மாதிரி இருக்கும். உன் தாள் அப்படி இருக்காது.

சான்றிதழ்களின் அசலைக் கொண்டு போ, காட்டு, உடனே திரும்ப வாங்கிக்கொள். ஒரு செட் ஜெராக்ஸ் மட்டும் கொடு. பட்டம் இன்னும் கைக்கு வந்திருக்காது, புரொவிஷனல் சான்றிதழும் மார்க்‌ஷீட்டும் போதும். அரியர் இருந்து பிறகு எழுதித் தேறியிருந்தால் அதை மறைக்காதே. தேதி மார்க்‌ஷீட்டிலேயே இருக்கும்.

யாராவது பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் பணம், பயிற்சி டெபாசிட் என்று கேட்டால், தொகை ஐந்நூறாக இருந்தாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிடு. வேலை கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்கக் கூடாது. இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். பிள்ளைகள் அம்மா காதுக் கம்மலை அடகு வைத்துக் கட்டியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

பெண் பிள்ளைகளிடம் "கல்யாணம் எப்போது?" என்று கேட்பார்கள். அதைக் கேட்பது சரியில்லை. ஆனாலும் கேட்பார்கள், அதனால் பதிலை யோசித்து வைத்துக்கொள். "இப்போதைக்கு வேலையில்தான் கவனம் சார். கங்கைகொண்டானுக்குத் தினமும் வந்து போக வழி பார்த்துவிட்டேன்" என்று பேச்சைப் பயணத்துக்குத் திருப்பிவிடு. அவர்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது நீ தொடர்ந்து வருவாயா என்பதுதான்.

பொருநைக்கரை | திங்கள் இரவு 8.50

அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் நன்றி. பாலத்தடி அண்ணனுக்கும். டேலி கல்லூரியில் படித்தேன். எக்ஸெலில் கூட்டல், வடிகட்டல், வி-லுக்அப் வரும்.

பயணத்தைத்தான் இன்னும் யோசிக்கிறேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து செங்கோட்டைப் பயணிகள் ரயிலில் திருநெல்வேலி ஜங்ஷன் வந்து, அங்கிருந்து கங்கைகொண்டானுக்குப் பஸ். ரயில் தாமதமானால் என்ன செய்வது?

இன்னொரு கேள்வி. "டெல் மி அபௌட் யுவர்செல்ஃப்" என்று கேட்டால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். தமிழில் பதில் சொன்னால் தப்பா?

சேரன்மகாதேவி டீச்சர் | திங்கள் இரவு 9.40

தப்பே இல்லை, கண்ணு. ஆனால் எடுத்ததும் தமிழுக்குப் போகாதே. முதல் மூன்று வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் தயார் செய். என்ன படித்தேன், எந்த ஊர், மூன்று வருடமாக என்ன கணக்கு எழுதினேன். இந்த மூன்றும் எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். சத்தமாகச் சொல்லிப் பழகு. மனதுக்குள் சொன்னால் நாக்குக்குப் பழக்கம் வராது. மொட்டை மாடியில் நின்று சொல், அப்புறம் அப்பா முன்னால் ஒரு தடவை சொல்.

நாலாவது வாக்கியத்தில் தடுமாறினால், "சார், இதைத் தமிழில் விளக்கமாகச் சொல்லட்டுமா?" என்று கேள். கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இப்படிக் கேட்டு வேலை வாங்கியிருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிவதுதான் கெடுக்கும்.

பயணத்துக்கு முன்தினமே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடு. சிப்காட் வளாகம் பெரியது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து கம்பெனி கேட் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

பொருநைக்கரை | வியாழன் இரவு 8.15

போய்விட்டு வந்தேன். நீங்கள் எல்லாரும் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

டீச்சர் சொன்னபடி புதன்கிழமையே போய் கேட் வரை பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி இருபது நிமிட நடை, நல்ல வெயில். அதனால் இன்று முந்தைய ரயிலையே பிடித்து, ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், முகம் கழுவி உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் கணக்குப் பிரிவின் தலைவர், இன்னொருவர் ஹெச்.ஆர். மேடம். மூன்று வாக்கியமும் ஆங்கிலத்தில் வந்துவிட்டன. மூன்றாவதில் அப்பளம் வந்ததும் சார் நிமிர்ந்து, "கல்லிடைக்குறிச்சியா? பிரண்டை போடுவீங்களா?" என்று தமிழிலேயே கேட்டார். "சாறு எடுத்து மாவில் சேர்த்துப் பிசைவோம் சார்" என்றேன். அதற்கு அப்புறம் எல்லாம் தமிழ்தான்.

"சரி, அப்பளத்துக்கு ஜிஎஸ்டி எவ்வளவு?" என்றார். "வரி கிடையாது சார்." "நீங்க வாங்குற பிளாஸ்டிக் கவருக்கு?" "பதினெட்டு சதவீதம் சார்." "அந்தப் பதினெட்டைத் திரும்ப எடுப்பீங்களா?" கொஞ்சம் யோசித்தேன். "விற்கிற சரக்குக்கு வரி இல்லாததால் உள்ளீட்டு வரியை எடுக்க முடியாது, அது செலவில்தான் சேரும்" என்றேன். பரீட்சைக்கு இதைப் படித்தபோது மனப்பாடம்தான் செய்தேன். இன்று சித்தி வீட்டுக் கவர்க் கட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது, பதில் தானாக வந்துவிட்டது.

அப்புறம் நோட்டைக் கேட்டார். புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இங்க ஏன் சிவப்பு மையில திருத்தியிருக்கு?" என்றார். அந்தப் பக்கத்தைக் காட்டுவதா என்று நேற்று இரவு முழுக்க யோசித்திருந்தேன். சொல்லிவிட்டேன்.

எங்கள் அளவில் ஒரு கிலோ மாவுக்கு 150 அப்பளம் வர வேண்டும். ஒரு அக்காவுக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் நாற்பது, நாற்பத்தைந்து குறையும். உடைசலும் இல்லை. மாவைச் சொந்தத்துக்கு எடுக்கிறாள் என்று சித்தி நினைத்துக் கூலியில் கழித்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா ஒன்றும் பேச மாட்டார். ஒருநாள் மாவு நிறுக்கும்போது அவருடைய பாத்திரத்தை நான் தூக்க வேண்டி வந்தது. கை இறங்கிவிட்டது. மற்றவர்கள் கொண்டுவருவது எவர்சில்வர் தூக்குச்சட்டி, இவர் கொண்டுவந்தது பழைய பித்தளைத் தூக்கு. நாங்கள் எல்லாருக்கும் பொதுவாகப் பாத்திர எடை 400 கிராம் என்று கழிப்போம். அதை நிறுத்துப் பார்த்தால் 700 கிராம். தினமும் 300 கிராம் மாவு அவருக்குக் குறைவாகவே போயிருக்கிறது. 300 கிராமுக்கு 45 அப்பளம். கணக்கு அப்படியே பொருந்தியது.

அன்று இரவே பழைய பக்கங்களை எல்லாம் எடுத்து, அவர் அந்தத் தூக்கைக் கொண்டுவரத் தொடங்கிய 11 வாரத்துக்கும் கழித்த தொகையைக் கூட்டினேன். சிவப்பு மை அதுதான். சித்தி முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது சித்திதான் அழுதார், அந்த அக்கா இல்லை.

"அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?" என்று மேடம் கேட்டார். ஒவ்வொரு பாத்திரத்தையும் காலியாக நிறுத்து, அதன் எடையை அடியிலேயே நகப்பூச்சால் எழுதிவிட்டோம் என்றேன். பேனா மை கழுவினால் போய்விடும். நகப்பூச்சு போகாது.

சார் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "திங்கட்கிழமை சொல்றோம்" என்றார். வண்ணார்பேட்டையில் கேட்ட அதே சொல்தான், ஆனால் இந்தத் தடவை நான் உள்ளே இருந்தது நாற்பது நிமிடம்.

பாலத்தடி | வியாழன் இரவு 8.55

தங்கச்சி, நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அப்பளம் என்று எழுதியதுதான் சரி. நான் கல்லூரி நாளில் மாமாவின் உரக்கடையில் இரண்டு வருடம் நின்றேன். அதை இதுவரை எந்த விண்ணப்பத்திலும் எழுதியதில்லை. இன்று இரவே என் பயோடேட்டாவைத் திருத்தப் போகிறேன்.

தாழையூத்து63 | வெள்ளி காலை 5.50

இரண்டு தடவை படித்தேன் தாயி. அந்த 11 வாரக் கணக்கைத் திருப்பிக் கூட்டினாயே, அதற்காகவே உன்னை எடுக்க வேண்டும்.

பொருநைக்கரை | செவ்வாய் மாலை 6.30

வேலை கிடைத்துவிட்டது! மின்னஞ்சலில் ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. ஆறு மாதம் பயிற்சிக் காலம். ஆனால் ஒன்று புரியவில்லை. ஃபோனில் மாதம் 16,900 சொச்சம் என்றார்கள். கைக்கு 13,447 வரும் என்று லெட்டரில் இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா? அடிப்படைச் சம்பளம் 12,000, வீட்டு வாடகைப்படி 3,000 என்று போட்டிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு வேலையை விடக் கூடாது என்ற பாண்ட் என்றும் ஒரு வரி இருக்கிறது.

மேலப்பாளையம் அக்கா | செவ்வாய் இரவு 9.10

வாழ்த்துகள் செல்லம்! ஏமாற்று இல்லை, கணக்கு சரியாகவே இருக்கிறது. 12,000 + 3,000 = 15,000. இது உன் மொத்தச் சம்பளம். அதில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், 1,440 ரூபாய். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 15,000க்கு 0.75 சதவீதம், 113 ரூபாய். இரண்டும் போக 13,447. கம்பெனியும் தன் பங்காகப் பி.எஃப்.க்கு 1,440, ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமான 488 கட்டும். அதையும் 15,000உடன் கூட்டினால் 16,928. அதைத்தான் ஃபோனில் சி.டி.சி., அதாவது உனக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, என்று சொல்லியிருக்கிறார்கள். கம்பெனியின் 1,440இல் ஏறக்குறைய 1,000 ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், மீதி உன் பி.எஃப்.இல் சேரும். 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. உன்னைச் சார்ந்திருக்கும் அம்மா அப்பாவுக்கும் அதில் வைத்தியம் பார்க்கலாம். அதனால் அந்த 113 ரூபாயை நினைத்து வருத்தப்படாதே.

பி.எஃப்.க்குப் பன்னிரண்டு இலக்க யு.ஏ.என். எண் தருவார்கள். வேலை மாறினாலும் அதே எண்தான். ஆதாரில் உள்ள பெயரும் மார்க்‌ஷீட்டில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பார். இல்லையென்றால் சேர்வதற்கு முன் திருத்து.

கடையத்துக்காரன் | செவ்வாய் இரவு 10.20

பாண்ட் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் முதல் வேலையில் பாண்ட் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, அசல் சான்றிதழையும் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஊருக்கு வந்தபோது சான்றிதழைத் திரும்ப வாங்க ஏழு மாதம் அலைந்தேன். அந்த ஏழு மாதமும் வேறு எந்த வேலைக்கும் போக முடியவில்லை. இன்னும் அது மனதில் ஆறவில்லை.

பாண்ட் என்றாலே செல்லாது என்று சிலர் சொல்வார்கள். நம்பாதே. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடம் முடியும் முன் விலகியவர் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பு சொன்னது. அதனால் முழு வாசகத்தையும் கேட்டு வாங்கிப் படி. இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், பயிற்சிக் காலத்தில் விட்டாலும் உண்டா, அவர்களே நிறுத்தினால் என்ன என்று மின்னஞ்சலிலேயே கேள். கேட்டதற்காக வேலையைப் பறிக்க மாட்டார்கள். அசல் சான்றிதழை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதே.

பொருநைக்கரை | வியாழன் இரவு 9.00

கேட்டேன் அண்ணா. பயிற்சிக் காலத்தில் விட்டால் ஒன்றும் கட்ட வேண்டாம், அதற்குப் பிறகு விட்டால் ஒரு மாதச் சம்பளம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். சான்றிதழ் ஜெராக்ஸ் மட்டும் போதுமாம். திங்கட்கிழமை சேர்கிறேன். ஜங்ஷனிலிருந்து கம்பெனி பஸ் இருக்கிறது.

அப்பா நேற்று ஆஃபர் லெட்டரை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய், திண்ணையில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாராம். நோட்டை இனி சித்தி மகன் எழுதுவான், பிளஸ் ஒன் படிக்கிறான். இன்று சாயங்காலம் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் பதினாலு தூக்கையும் கவிழ்த்து, அடியில் இருக்கும் எடையை வாசிக்கச் சொன்னேன். இரண்டு பாத்திரத்தில் பூச்சு லேசாக உதிர்ந்திருந்தது. அவனே திரும்ப நிறுத்து எழுதினான்.

தாழையூத்து63 | வெள்ளி காலை 6.00

திங்கட்கிழமை சேரும்போது பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ ஆறு எடுத்துக்கொள் தாயி. வங்கிப் பாஸ்புக் ஜெராக்ஸும் கேட்பார்கள். பி.எஃப். தாளில் நாமினி பெயரை எழுதாமல் விட்டுவிடாதே.